யார் வீட்டுக்கு எந்தப் படம்

சென்னையில் ஒரு படம் எந்தத் தேதியில் வெளியானது என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. மதுரை, விருதுநகர், சிவகாசி என்று சுற்றிவிட்டுப் படப்பெட்டி திருத்தங்கலுக்கு வரும்போது பிலிமெல்லாம் கீறி, திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். சினிமா வியாபாரத்தில் நாங்கள் 'மதுரை – ராமநாதபுரம் ஏரியா'. 1985-ல் விருதுநகர் தனி மாவட்டம் ஆன பிறகும் விநியோகஸ்தர்கள் அந்தப் பழைய பேரை விடவில்லை. கடைசிச் சுற்றில் பார்க்கிறவனுக்கு எல்லாமே பழைய படம்தான். இன்றைக்கு, இந்தக் கூட்டத்துக்கு, இதைப் போடலாமா என்பதுதான் எங்கள் ஊர்க் கேள்வி.

முதலில் அதற்குப் பதில் சொன்னவர்கள் கோயில் கமிட்டிக்காரர்கள். பொங்கல் விழாவுக்குத் தெருவை அடைத்துத் திரை கட்டி, பதினாறு எம்.எம். புரொஜெக்டரில் விடிய விடிய ஓட்டுவார்கள். முதலில் சாமி படம், அடுத்தது எம்.ஜி.ஆர்., பிள்ளைகள் தூங்கிய பிறகு சண்டைப் படம். சாமி படத்திலும் கணக்கு உண்டு. கருநெல்லிநாதரும் நின்ற நாராயணப் பெருமாளும் இருக்கிற ஊர். ஒரு வருஷம் 'திருவிளையாடல்' போட்டால் மறுவருஷம் 'திருமால் பெருமை' போட்டாக வேண்டும். இரண்டும் ஏ.பி. நாகராஜன் எடுத்தவை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் என்பதால், அந்தப் பகுதி வரும்போது பாட்டிமார் சொந்தக்கார வீட்டுக் கதையைக் கேட்பதுபோல நிமிர்ந்து உட்காருவார்கள்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது. பின்னாலேயே வீடியோ டெக் வாடகைக் கடைகளும் வந்தன. அப்படி ஒரு கடையில்தான் நான் வேலை பார்த்தேன். டி.வி.யையும் டெக்கையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, போர்வை சுற்றி, கேசட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போவேன். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டெக்கின் மேல்மூடியைக் கழற்றி, மடிப்புக் கலையாத புது ரூபாய் நோட்டால் ஹெட்டை மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தினால் ஹெட் போய்விடும். துடைத்ததும் திரையில் முகம் பளிச்சென்று வரும். கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் 'ஆ' என்பார்கள்.

கடை அண்ணாச்சி கேசட்டை எடுப்பதற்கு முன்னால் விசாரிப்பார். "வீட்டுல என்ன விசேஷம்? யார் யார் உக்காந்து பாப்பாங்க?" கல்யாண வீட்டுக்காரர்கள் பெயரை நம்பி 'கல்யாணப் பரிசு' கேட்பார்கள். தங்கவேலுவின் எழுத்தாளர் பைரவன் காமெடிக்கும் அப்படியொரு கிராக்கி. "வேண்டாம் மதினி. முடிவுல சேர வேண்டியவங்க பிரிஞ்சிருவாங்க, குழந்தையக் குடுத்துட்டு ஜெமினி தனியா நடந்து போவாரு. பொண்ணு மாப்பிள்ளை உக்காந்திருக்கற எடத்துல அது எதுக்கு? அதே ஸ்ரீதர் படம், 'காதலிக்க நேரமில்லை' கொண்டு போங்க" என்பார். 1959-ல் அழவைத்த மனிதர்தான் 1964-ல் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்கிற அந்தக் காட்சியை எடுத்தார் என்பது எனக்கு அந்தக் கடையில்தான் தெரிந்தது. 'பாசமலர்' கேட்டு வரும் அண்ணன்மாரிடமும் இதே பேச்சுத்தான்.

எழுதப்படாத ஒரு விதியும் கடையில் இருந்தது. பட்டாசுத் தொழிற்சாலைக்கு இங்கே பயர் ஆபீஸ் என்று பேர். அங்கே நடந்த விபத்தில் ஆளை இழந்த தெருவுக்கு, கடைசிக் காட்சியில் குடோன் வெடிக்கிற படத்தை அண்ணாச்சி அனுப்ப மாட்டார். அந்தக் காலத்துச் சண்டைப் படங்களில் பாதிக்கு அதுதான் முடிவு. எந்தப் படத்தில் எங்கே வெடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருமுறை தெரியாமல் ஒரு புதுப்படத்தை எடுத்துப் போக இருந்தேன். வாசலிலேயே மறித்து வாங்கிக்கொண்டார். படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் மருந்து மணத்தோடு வீடு திரும்பி எதைப் பார்க்கத் தாங்குவார்கள் என்று யோசித்த விமர்சகர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஓடாத படம் என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தபோது அதே நாளில் 'வேட்டைக்காரன்' எதிரே நின்றது. போட்ட செலவுக்கு ஏற்ற வசூல் வரவில்லை என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. மறுவருஷமே பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். ஆனால் எங்கள் தெருவில் 'கர்ணன்' ஓடுகிற ராத்திரி எதிரே எந்தப் படமும் கிடையாது. மூன்று மணி நேரம் போனதே தெரியாது. கர்ணன் சாகிறபோது ஆண்களும் துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டியபோது பத்திரிகைகள் அதிசயப்பட்டன. திருவிழாத் திரையில் பார்த்தவர்களுக்கு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

'குணா' கதை வேறு. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்தது. இங்கே வருஷம் முழுக்க உழைத்துவிட்டு ஆபீஸ் அடைக்கிற நேரம் அது, கொண்டாட்டத்துக்கு ஏங்குகிற நேரம். கேசட்டாகக் கொண்டுபோனவர்களும் பாதியில் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதை அலமாரியில் தனியாக எடுத்து வைத்தார். "இது கூட்டத்துக்குள்ள படம் இல்ல தம்பி. தனியா இருக்கறவனுக்குக் குடு." அச்சாபீஸில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் ஒண்டிக்கட்டைகளுக்கு அதைக் கொடுத்தோம். மறுநாள் கண் சிவந்து வந்து கேசட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனவர்கள் உண்டு.

2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளத்திலிருந்து வந்து 'குணா'வில் வரும் குகையையும் பாட்டையும் மறுபடி எல்லார் வாயிலும் போட்டது. அந்த வருஷக் கடைசியில் 'குணா'வும் தியேட்டருக்குத் திரும்பியது. கூட்டமாக உட்கார்ந்து கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டபோது அண்ணாச்சியின் கணிப்பு பொய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பே, ராத்திரியில், போன் வெளிச்சத்தில், தனித்தனியே அதைப் பார்த்து முடித்திருந்தவர்கள்.