பயணச்சீட்டும் தனிமைப்படுத்தலும்: பினாங்கு வந்த தமிழ் வணிகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்குப் பாலத்தில் பயணம் செய்வோர் தெற்கே நோக்கினால் காடு அடர்ந்த சிறு தீவு ஒன்றைக் காணலாம். ஜெரெஜாக் எனப்படும் அத்தீவு பாயான் லெப்பாஸ் கடற்கரைக்கு எதிரே அமைந்துள்ளது. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர் பலர் ஜோர்ஜ்டவுன் நகரத்தில் கால்வைக்கும் முன் இத்தீவில் சில நாள்கள் தங்க வைக்கப்பட்டனர். அவர்களுள் தோட்டத் தொழிலாளர் பற்றி ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயின், தம் சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கி வணிகத்தின் பொருட்டு வந்து சென்ற தமிழரும் அவர்களிடையே இருந்தனர் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை.

நோய்க்காலத்தில் வணிகப் பயணம் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்னும் வினா, 2020ஆம் ஆண்டின் கோறனி நச்சில் பெருந்தொற்றுக்குப் பின்னர் நமக்கு அண்மையதாகிவிட்டது. இக்கட்டுரை அவ்வினாவைப் பினாங்கின் வரலாற்றில் வைத்து நோக்குகிறது. தனிமைப்படுத்தல் விதியின் சுமை நோயின் இயல்பால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. பயணி எந்த வகுப்பில், எந்தப் பெயரில் பதிவு செய்யப்பட்டார் என்பதாலும் தீர்மானிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வணிகப் பயணத்தின் இயல்பு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியேற்றிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் அங்கு நிலைகொண்டனர். சூலியா தெருவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் ஆகிய கரையூர்களோடு இவ்வணிகருக்கு இடையறாத தொடர்பு இருந்தது. பின்னர் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்குத் தெருப் பகுதியில் கிட்டங்கிகள் அமைத்து வட்டித் தொழில் நடத்தினர்.

இவ்விரு சாராரின் தொழிலும் போக்குவரத்தையே அடிப்படையாகக் கொண்டது. நகரத்தார் மரபில் கடையின் மேலாள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்கு அனுப்பப்படுவார். கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் பணியாளர் இருந்தனர். அவர்களும் இவ்வாறே வந்து போயினர். முஸ்லிம் வணிகருள் சிறு மூலதனத்தோடு துணியும் பலசரக்கும் கொண்டுவந்து விற்றுத் திரும்பியவர் பலர். உண்டியலுக்குத் தவணை உண்டு. கடனுக்கு நாள்வட்டி உண்டு. ஆகவே, கரையிறங்க முடியாமல் கழியும் ஒவ்வொரு நாளும் வணிகருக்குக் கணக்கில் எழுதத்தக்க இழப்பாகும். தொழிலாளியின் தாமதம் தோட்ட நிருவாகத்தின் கவலை. வணிகரின் தாமதமோ அவருடைய சொந்த நட்டம்.

நீராவிக் கப்பலும் நோயரும்பும் காலமும்

நோய் பரவிய துறைமுகத்திலிருந்து வரும் கப்பலைத் தடுத்து நிறுத்தும் வழக்கம் பழமையானது. ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள ரகூசா நகரம் 1377இல் முப்பது நாள் தடையை விதித்தது. பின்னர் வெனிசில் அது நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே 'குவாரண்டைன்' எனப் பல மொழிகளிலும் வழங்கலாயிற்று.

பாய்க்கப்பல் காலத்தில் வங்கக் கடலைக் கடக்கப் பல வாரங்கள் ஆயின. கப்பலில் நோய் தோன்றினால் கரை காணும் முன்பே அது வெளிப்பட்டுவிடும். நீராவிக் கப்பல் இந்நிலையை மாற்றியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கை ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடைய முடிந்தது. பெரியம்மை உடலில் புகுந்து வெளித்தோன்ற ஏறக்குறைய பன்னிரண்டு நாள்கள் ஆகும். ஆகவே, நலமாகத் தோன்றும் பயணி நோயுடனேயே கரையிறங்க நேரிடும். பயணம் விரைவானதால்தான் கரையில் காத்திருப்பு இன்றியமையாததாயிற்று. வாந்திபேதிக்கு ஐந்து நாள், கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ ஒரு வாரம் என நோய்க்கேற்பக் காத்திருப்பின் அளவும் வேறுபட்டது.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. 1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதைத் தொடர்ந்து, 1874இல் செயின்ட் ஜான் தீவில் தனிமைப்படுத்தல் நிலையம் திறக்கப்பட்டது. பினாங்கின் ஜெரெஜாக் நிலையமும் அதே பத்தாண்டைச் சேர்ந்தது. 1894இல் ஹாங்காங்கிலும் 1896இல் பம்பாயிலும் கொள்ளைநோய் தோன்றியபின் விதிகள் மேலும் இறுகின. பிரிட்டிஷ் இந்திய அரசு 1897இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. பயணிகளைச் சோதிக்கவும் பிரித்து வைக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

தளமும் அறையும்

சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களைப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகியவற்றோடு இணைத்தவை முதன்மையாகப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களாகும். அவற்றுள் 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' தமிழர் நினைவில் நிலைத்த பெயர். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் அக்கப்பலுக்கு இருந்தது. மக்கள் வழக்கில் 'டெக்கு' எனப்பட்ட இவ்வகுப்பில் படுக்கையோ அறையோ இல்லை. பாய் விரித்த இடமே பயணியின் இடம்.

பினாங்கை அணுகும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். துறைமுக மருத்துவ அதிகாரி ஏறிச் சோதித்து இசைவு தந்த பின்னரே எவரும் இறங்கலாம். இவ்விடத்தில்தான் பயணிகள் இரு வழியாகப் பிரிந்தனர். கப்பலில் நோய் காணப்படாதபோது, அறை வகுப்புப் பயணிகள் சோதனை முடிந்து தம் முகவரியை அளித்துவிட்டு நகருக்குள் செல்ல முடிந்தது. தளப் பயணிகளோ பொதுவாகத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே நீராட்டு, உடைமைகளைப் புகையிட்டுத் தூய்மைப்படுத்தல், அம்மை குத்துதல் ஆகியன நிகழ்ந்தன. குறித்த நாள்கள் கழிந்த பின்னரே அவர்கள் வெளியே விடப்பட்டனர்.

இப்பிரிவினைக்கு மருத்துவக் காரணம் அறவே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. நெருக்கமாகப் படுத்துறங்கும் தளத்தில் தொற்று எளிதிற் பரவும். முகவரி உடையவரைப் பின்னர்த் தேடிக் கண்காணிக்கலாம். முகவரி அற்றவரைக் கண்காணித்தல் அரிது. ஆயினும், விதி இக்காரணங்களை ஆளுக்கு ஆள் ஆராயவில்லை. சீட்டின் வகுப்பையே அவற்றுக்கு ஈடாகக் கொண்டது. சூலியா தெருவில் கடையும், அறிந்தோரும், நிலையான முகவரியும் உடைய வணிகர் ஒருவர் சிக்கனம் கருதித் தளத்தில் வந்தால், அவர் முகவரி அற்றவராகவே கருதப்பட்டார். அதே கடைக்காரர் அறை வகுப்பில் வந்திருப்பின் அன்றே கடை திறந்திருப்பார்.

தொழிலாளரின் நிலை இதனினும் வேறு. 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடிவரவு நிதி அவர்களுடைய பயணச் செலவை ஏற்றது. கப்பலேறும் முன்பே நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்களில் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். எனவே, அவர்களைப் பற்றிய எண்ணிக்கைகள் அரசு அறிக்கைகளில் ஆண்டுதோறும் இடம்பெற்றன. சிறு வணிகரோ தொழிலாளர் பட்டியலிலும் இல்லை. பெயர் சொல்லிக் குறிக்கப்படும் அறைப் பயணியர் வரிசையிலும் இல்லை. 'ஏனைய தளப் பயணிகள்' என்னும் தொகைக்குள் அவர் மறைந்துவிடுகிறார். தமிழ் வணிகர் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டுக்கு இது முக்கியக் காரணமாகும்.

இந்நிலை பினாங்குக்கு மட்டும் உரியதன்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகு இணைப்புத் தொடங்கியபோது, இலங்கை செல்வோர் மண்டபம் முகாமைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கும் தோட்டத்துக்குச் செல்வோருக்கும் பிற பயணிகளுக்கும் நடைமுறை ஒன்றாக இருக்கவில்லை.

பினாங்கில் பிறந்த ஒரு மருத்துவர்

நோய்க்காலப் பயணத்தடை பற்றிய உலக வரலாற்றில் பினாங்குக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1879இல் ஜோர்ஜ்டவுனில் பிறந்து, பினாங்கு பிரீ பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்ற ஊ லியன் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயை எதிர்கொள்ளச் சீன அரசால் அனுப்பப்பட்டார். நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது என உணர்ந்த அவர், துணி முகக்கவசத்தை வலியுறுத்தினார். இருப்புப்பாதை வழியே நோய் பரவுவதைக் கண்டு, பயணங்களைக் கட்டுப்படுத்தவும் பயணிகளைப் பிரித்து வைக்கவும் வழிசெய்தார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. 1930இல் சீனத்தின் தேசியத் தனிமைப்படுத்தல் பணித்துறைக்கு அவரே முதல் தலைவரானார். 1960இல் பினாங்கிலேயே மறைந்தார். பயணத்தடை உயிர் காக்கும் என்பதற்கு அவருடைய பணி வலுவான சான்று. ஆகவே, தடை வேண்டுமா வேண்டாவா என்பது இங்கு வினாவன்று. அதன் சுமை எவர்மேல் எவ்வளவு விழுகிறது என்பதே வினா.

2020: பழைய வினா மீண்டும்

'ரஜூலா' 1973இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளானது. இதற்கிடையே, 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஜெரெஜாக் தீவு 1969 முதல் 1993 வரை சிறைக்கூடமாக இருந்தது. தனிமைப்படுத்தல் என்பது முதியோர் நினைவில் மட்டும் எஞ்சிய ஒன்றாயிற்று.

2020 மார்ச்சுத் தொடக்கத்தில் 'கோஸ்டா பார்ச்சூனா' என்னும் உல்லாசக் கப்பலுக்குப் பினாங்கில் நுழைய இசைவு மறுக்கப்பட்டது. மார்ச்சு 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் பதினான்கு நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

அவ்வாண்டு சூலையில் தமிழகத்தின் சிவகங்கையிலிருந்து கெடாவுக்குத் திரும்பிய உணவகத் தொழில்முனைவர் ஒருவரின் நிகழ்வு ஈண்டு நோக்கத்தக்கது. வந்திறங்கியபோது செய்த சோதனையில் அவருக்குத் தொற்று காணப்படவில்லை. வீட்டுத் தனிமையிலிருக்க வேண்டியவர் விதியை மீறித் தம் உணவகத்துக்குச் சென்றார். தொற்று கெடாவில் பரவிப் பினாங்கையும் எட்டியது. நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. இதில் விதிமீறல் ஐயத்திற்கிடமற்றது. நோயரும்பும் காலத்தின் பொருளையும் அது தெளிவாகக் காட்டியது. ஆனால், அத்தொற்றுத் திரளுக்குச் 'சிவகங்கை' என்றே பெயரிடப்பட்டது. நகரத்தாரின் செட்டிநாட்டில் பெரும்பகுதி இன்று அம்மாவட்டத்தில்தான் உள்ளது. ஒன்றரை நூற்றாண்டாகப் பினாங்குக்கு வணிகரை அனுப்பிய நிலப்பகுதியின் பெயர், ஒருவர் செய்த பிழையால் நோயின் பெயராக ஊடகங்களில் வழங்கியது.

அதே ஆகஸ்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் இரு ஏற்பாடுகளைத் தொடங்கின. முதலாவது, இன்றியமையாத தொழில்முறைப் பயணம் மேற்கொள்வோருக்கான பசுமைத்தடம். அவ்வழியே செல்வோர் தொற்றுச் சோதனைக்கு உட்பட்டு, முன்னரே ஒப்புதல் பெற்ற நிகழ்ச்சிநிரலைப் பின்பற்றினால் நெடிய தனிமையின்றிப் பதினான்கு நாள் வரை பணியாற்றலாம். இரண்டாவது, அண்டை நாட்டில் வேலை செய்வோருக்கானது. அவர்கள் குறைந்தது மூன்று மாதம் பணியிடத்திலேயே தங்கிய பின்னரே குடும்பத்தைக் காண வரலாம். திரும்புகையில் மீண்டும் தனிமைப்படுத்தல் உண்டு. தொற்று பெருகியதால் பசுமைத்தடம் 2021 பிப்ரவரி முதல் நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. மலேசியாவின் எல்லைகள் 2022 ஏப்ரல் முதல் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டன.

இவ்விரு ஏற்பாடுகளையும் பழைய தளத்தோடும் அறையோடும் அப்படியே ஒப்பிடுதல் மிகையாகும். நாள்தோறும் எல்லை கடந்த தொழிலாளரின் தொகை மிகப் பெரிது. அனைவரையும் சோதிக்கும் வசதி அன்று இல்லை. எனினும், பயணியின் உடல்நிலையைவிட அவர் சார்ந்த பிரிவே காத்திருப்பின் நீளத்தை வரையறுத்தது என்னும் கூறு இரு காலத்துக்கும் பொதுவானது. மேலும், நிறுவனத்தின் ஆதரவுக் கடிதமுடைய மேலாளரே வணிகப் பயணி என ஏற்கப்பட்டார். கடையோ உணவகமோ நடத்தும் சிறு வணிகர் அவ்விலக்கணத்துள் அடங்குவது அரிதாயிற்று. 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால அனுமதியாளருக்கு நுழைவு தடைசெய்யப்பட்டபோது, அங்கே சிக்கியவருள் இத்தகையோரும் இருந்தனர்.

முடிவுரை

தனிமைப்படுத்தல் நோயைத் தடுத்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், நோயை ஆராயும் நேரமும் வசதியும் இல்லாத இடத்தில் அரசுகள் ஆளின் வகுப்பை ஆராய்ந்தன. ஜெரெஜாக் தீவில் சீட்டும், 2020இல் அனுமதிச் சீட்டும் அப்பணியைச் செய்தன. இவ்விரு நிலைகளிலும் இடையில் அகப்பட்டவர் சிறு வணிகரே.

அவரைப் பதிவேடுகளில் தேடுவது கடினம். 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' போன்ற இதழ்களின் கப்பற் செய்திகளையும், கடைகளில் எஞ்சியுள்ள கணக்கேடுகளையும் கடிதங்களையும் இந்நோக்கில் மறுபடியும் படிக்க வேண்டும். அவற்றினும் அவசரமானது வாய்மொழிச் சான்று. 'ரஜூலா'வில் இளைஞராக வந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். தீவில் எத்தனை நாள் இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், அந்நாள்களில் கடையை யார் பார்த்துக்கொண்டார் என்னும் எளிய வினாக்களை அவர்களிடம் கேட்கலாம். தமிழாசிரியர்கள் தம் மாணவரைத் தாத்தா பாட்டியிடம் இவ்வினாக்களோடு அனுப்பினால், அரசு அறிக்கைகள் தராத சான்றுகள் சில நமக்குக் கிடைக்கும். அதற்கு இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.