ஒரே வருடத்தில் இரண்டு சட்டங்கள்

பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்று சொல்வோம். கசிப்போ குடுவோ லயத்துக்குள் வந்தால் முதலில் குறைவது பேர்தான். அப்புறம் சம்பளம், அடகுக்கடைக்குப் போகிற அம்மாவின் தோடு, தங்கச்சியின் படிப்பு. இந்த நட்டக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அரசாங்கம் சிகிச்சைக்குச் செலவழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கைத்தான் யாரும் போடுறதில்லை.

வேறொரு நோய்க்குத் துரைமார் அந்தக் கணக்கைப் போட்டாங்க. 1912-இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1916-இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. இரத்தம் வத்திப்போன ஆளால் மலை ஏறிக் கொழுந்தெடுக்க முடியாது. மருந்து கொடுப்பது லாபம். மனிதாபிமானம் என்று நாங்கள் ஏமாறத் தேவையில்லை, ஆனால் கணக்கு சரி.

போதைக்கு மட்டும் அந்தக் கணக்கு வரல. சாராயக் குத்தகை அரசின் வருமானமாச்சே! அபின் கடைகளுக்கும் முதலில் அனுமதி இருந்தது. 1910-ஆம் ஆண்டு அபின் சட்டம் அதை மாற்றி, பழகிப்போனவர்களைப் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் அளவாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. குறைகள் இருந்தாலும், அடிமையானவரைக் குற்றவாளியாக்காமல் அரசு பொறுப்பெடுத்த ஒரு முயற்சி அது.

பிறகு ஹெரோயின் வந்தது. 1984-இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. 11-ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை உருவாக்கியது. 13-ஆம் இலக்கச் சட்டம் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றது. ஒரு கையில் வைத்தியம், மறு கையில் தூக்குக்கயிறு. எந்தக் கை நீண்டது என்று உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய சில கிழமைகளிலேயே பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜூனில், கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். வைத்தியம் என்று நம்பிப் போன இடத்திலிருந்து யாராவது அப்படி ஓடுவாங்களா?

சபையின் தங்கிச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று அமைந்தன. எங்களுக்குக் கிட்டியது கண்டி. மலைரயிலில் பாதி நாள் போகும். சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம்தான். ஆனால் அங்கே தங்குகிற கிழமைகளுக்கான பேரை யார் போடுவது? பொதுப்பணச் சிகிச்சை என்றால் பஸ் காசும், வீட்டுக்கான சிறு கொடுப்பனவும் சேர்ந்ததாக இருக்கணும்.

கலிபோர்னியாவில் 1994-இல் வெளியான அரசு ஆய்வு, சிகிச்சைக்குப் போன ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ ஏழு டொலர் மிச்சம் என்றது. குற்றம் குறைந்ததே அதில் பெரும்பங்கு. அந்த ஏழை அப்படியே ஊவாவுக்குப் பொருத்த முடியாது. அங்கே சிறைச் செலவு வேற, சம்பளம் வேற. இங்கே மிச்சமாகிறது அடகுக்குப் போகாத தோடும் குறையாத பேரும்.

இன்னொன்று. பல வருடமாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். "மனசு வச்சா விட்டுரலாம்" என்று லயத்தில் சொல்வது சில நேரம் ஆளையே கொல்லும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அதைத் தெரிந்த ஒருவர் இருந்தால், பதுளை ஆஸ்பத்திரிக்கு எப்போ அனுப்பணும் என்றாவது சொல்வார்.