கை நனைக்காத விருந்து

காரைக்காலில் நடந்த வணிகச் சந்திப்புகளில் மிகப் பழையது என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது பெரியபுராணத்தில் இருக்கிறது. கடையில் இருக்கும் பரமதத்தனைத் தேடிச் சிலர் வருகிறார்கள். வெறுங்கையோடு வரவில்லை; இரண்டு மாம்பழங்கள் கொண்டுவருகிறார்கள். அவன் பழங்களை வாங்கிக்கொள்கிறான், வந்தவர்கள் கேட்ட காரியத்தை முடித்துக்கொடுக்கிறான், பிறகு பழங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். வீட்டில் அவன் மனைவி புனிதவதி அவற்றில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்ததும், அந்தப் பழத்துக்கு ஈடாக இறைவனிடம் வேறொன்று பெற்றதும், அவர் காரைக்கால் அம்மையார் ஆனதும் ஊரறிந்த கதை. கதையின் வேகத்தில் அந்தக் கடைவாசல் காட்சி கண்ணில் படாமல் போய்விடுகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இரண்டு மூன்று அடிகளில் சொல்லிப்போகும் அந்தக் காட்சியில் ஒரு முழு நடைமுறையே அடங்கியிருக்கிறது. பழம் முதலில், பேச்சு அப்புறம். வாங்கியவன் அங்கேயே அறுத்துத் தின்பதில்லை. வந்தவர்களும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த ஊரின் வணிக மரியாதைக்குத் திறவுகோல். மேற்கே தொழில் பேசுகிறவர்கள் ஒரே மேசையில் உண்டு பழகி உறவை வளர்த்தார்கள். காவிரிக் கடைமடையின் இந்தத் துறைமுகத்தில் செட்டியாரும் மரக்காயரும் வெள்ளைக்காரரும் ஒருவரோடு ஒருவர் நூற்றாண்டுக் கணக்கில் வியாபாரம் செய்தும், பெரும்பாலும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. யார் கையால் சோறு வாங்கலாம் என்பதில் சாதிக்குக் கறாரான கணக்கு இருந்தது. சமைத்த சோற்றுக்குத் தீட்டு உண்டு. பழத்துக்கும் வெற்றிலைக்கும் சந்தனத்துக்கும் பன்னீருக்கும் அந்தக் கெடுபிடி இல்லை. ஆகவே அடுப்பேறாத பொருள்களைக் கொண்டே இங்கே ஒரு விருந்தோம்பல் உருவானது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது இந்த ஏற்பாட்டுக்குள்தான் அவர்களும் நுழைய வேண்டியிருந்தது. தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739 பிப்ரவரி 14 அன்று காரைக்காலைக் கைக்கொண்டபோது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் துய்மா. நாட்டு மரியாதைகளை விரைவில் கற்றுக்கொண்ட மனிதர். இரண்டு ஆண்டுகளில் அது அவருக்குக் கைகொடுத்தது. தம்மிடம் அடைக்கலம் புகுந்த, ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்பின் குடும்பத்தை ஒப்படைக்கும்படி மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே மிரட்டினார். துய்மா மறுத்தார், ஆனால் மிரட்ட வந்த தூதனை உபசரித்து, பரிசுகளோடு பிரெஞ்சு இனிப்பு மதுக் குப்பிகளையும் கொடுத்தனுப்பினார். அந்த மது ரகுஜியின் மனைவிக்குப் பிடித்துப்போக, மேலும் குப்பிகள் வேண்டும் என்று ஆள் வந்ததாம். பகை அதன்பிறகு தணிந்ததாக 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மாலிசன் எழுதுகிறார். புதுச்சேரிக் கோட்டையின் பீரங்கிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.

துய்மா காலத்து மரியாதைகளுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. 1736இல் எழுதத் தொடங்கி, 1747இல் பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாசி (மொழிபெயர்ப்பாளர்) ஆகி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரியில் காலமானவர் அவர். துணி வியாபாரக் கணக்கையும் ஊர் வம்பையும் எழுதும் அதே அக்கறையோடு, யார் யாருக்கு என்ன நஜர் (காணிக்கை) வைத்தார்கள், எத்தனை பீரங்கி வெடித்தது, யார் எழுந்து நின்றார்கள் என்பதையும் குறித்துவைக்கிறார். பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் பழமோ பொன்னோ கையில் இருக்கவேண்டும். பார்த்து முடிந்ததும் வெற்றிலை பாக்கும் பன்னீரும் வரும். தாம்பூலம் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, எழுந்துகொள்ளலாம் என்று பொருள். ‘போய் வாருங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லும் சங்கடத்தை அந்தத் தட்டு மிச்சப்படுத்தியது. தாம்பூலம் தராமல் அனுப்பினால் அவமதிப்பு. யாருக்கு முதலில் தட்டு நீட்டப்பட்டது என்பதை அவையே கவனித்தது.

குடும்பங்களுக்குள் இதே இலக்கணத்துக்கு வேறொரு பெயர்: கை நனைத்தல். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் ஏற்படும்வரை சாப்பிடக்கூடாது என்பது டெல்டா வீடுகளில் நெடுங்கால வழக்கம். எவ்வளவு வற்புறுத்தினாலும், “இப்ப வேணாங்க, நல்ல காரியம் முடியட்டும், வந்து கை நனைக்கிறோம்” என்று பெரியவர்கள் நழுவிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் நாக்கு கட்டுப்பட்டுவிடும், மறுத்துப் பேச வாய் வராது என்ற முன்னெச்சரிக்கை அது. பேரம் படிந்து வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகே இலை விழும். விருந்து கொடுத்துப் பேரத்தைத் தொடங்குவது மேற்கத்திய முறை என்றால், இங்கே பேரம் முடிந்ததற்கு அடையாளமாக விருந்து வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இதே ஊரில், சில தெருக்கள் தள்ளியே இருந்தது. காரைக்கால், நாகூர் கரையோர முஸ்லிம் குடும்பங்களின் விசேஷங்களில் சஹன் சாப்பாடு உண்டு. ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கப்பல் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ஒரே தட்டில் கை வைக்கலாம். அதற்கும் விதிகள் உண்டு: தன் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்துதான் எடுக்கவேண்டும், நடுவில் இருக்கும் கறிக்குக் கை நீளக்கூடாது, உடன் உண்பவர் முடிக்கும் முன் எழுந்துவிடக்கூடாது. அந்த வீட்டுத் திருமணத்துக்கு வரும் இந்து நண்பர்களுக்குத் தனிச் சமையல், தனிப் பந்தி, வாழை இலை. அழைத்தவரும் உண்பவரும் வேறு வேறு இடத்தில் இருந்தாலும் அழைப்பில் குறை இல்லை.

பிரெஞ்சு மேசை இந்த ஊருக்குள் வந்தது வெகு தாமதமாக, அதுவும் செருப்பு வழியாக. 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து வந்ததற்காக வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தண்டிக்கப்பட்டார். அவர் பிரான்சுவரை முறையிட்டு வென்றார். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதி, சமயத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார். துறந்தவர்களும் துறக்காதவர்களுமாகப் பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறினார்கள். எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர் என்று அங்கே வேலை. காரைக்கால் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். சைகோனில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது. முள்ளும் கத்தியும் பிடிக்கத் தெரிந்த கைகள் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பின. வீட்டில் மேசை வந்தது. கல்யாணத்தில் மட்டும் இலை மாறவில்லை.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. 2009 முதல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் இயங்குகிறது. நிலக்கரிக் கப்பல்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இப்போது ஓட்டல் அறைகளில் பஃபே தட்டோடு நின்றபடி விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கடைத்தெருவில் ஒரு கடை திறப்புக்குப் போனால் வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் இருக்கும். திரும்பும்போது தாம்பூலப் பை கையில் ஏறும்.

ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சிவபெருமான் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வருவார். அம்மையார் சந்நிதிமுன் தயிர்சாதமும் மாம்பழமும் வைத்து அமுது படைப்பார்கள். அதற்குமுன், வீதியின் இருபக்க மாடிகளிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கும். கீழே நிற்கும் கூட்டம் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிக்கும். எறிந்தவர் யார், பிடித்தவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிடித்த பழத்தை அங்கேயே தின்றுவிடாமல், பரமதத்தனைப்போலவே பலரும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.