தலையணையும் தீட்டும்

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் கோபுரங்களைக் கொண்டு அளப்பார் உளர். அதன் தலையணைகளைக் கொண்டும் அளக்கலாம். தலையணை யாருக்கு வாய்த்தது, அதன் அழுக்கை யார் போக்கினார் என்னும் இரு வினாக்களே அதற்குப் போதுமானவை.

பண்டை எகிப்தியர் மரத்தாலும் கல்லாலும் தந்தத்தாலும் தலைதாங்கிகள் செய்தனர். 1922ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் என்னும் இளவேந்தனின் கல்லறையிலும் தந்தத் தலைதாங்கி ஒன்று இருந்தது. சீனரோ தாங், சோங் மரபினர் ஆண்ட காலங்களில் பீங்கானால் தலையணை செய்தனர். இவை கடினமானவையே, ஆயினும் ஈரத்துணியால் துடைத்த அளவில் தூய்மையாகிவிடும். தமிழகத்தில் மென்மையே போற்றப்பட்டது. பாண்டிமாதேவியின் படுக்கையில் அன்னத்தின் தூவி இடப்பட்டிருந்ததை நெடுநல்வாடை கூறுகின்றது. அரசிக்கு அன்னத்தூவி, ஏழைக்கோ மடித்த கையே தலையணை.

எளியோர் இல்லத்திற்கும் மெத்தென்ற தலையணையைத் தந்தது இலவம்பஞ்சு. இத்தீபகற்பத்து மலாய் மக்கள் அதனைக் கெக்காபு என்பர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஜாவாத் தீவிலிருந்து அது பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அதன் இழை உள்ளே துளையுடையது. மேலே மெழுகு போன்ற பூச்சுடையது. ஆதலால் நீரை எளிதில் ஏற்காமல் மிதக்கும். கப்பலோட்டிகளின் உயிர்காப்புச் சட்டைகளில் அதை அடைத்ததும் இதுபற்றியே.

எனினும் தலையணையைப் பஞ்சோடு சோப்பு நீரில் அமுக்கித் துவைத்தால், பஞ்சு கட்டிபட்டு, உள்ளே உலராமல் பூஞ்சை பிடிக்கும். தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, மெல்லிய துணிப்பையிலிட்டு நல்ல வெயிலில் காயவைத்துக் கோலால் தட்டுவதே தக்க முறை. பையையும் மேலுறையையும் வெந்நீரில் துவைத்து, நன்கு உலர்ந்தபின் பஞ்சை அடைத்துத் தைத்தல் வேண்டும்.

இஃது அழகுக்காக மட்டுமன்று. இரவில் மூச்சுத் திணறுவோரைக் கண்டு பேயென்றும் செய்வினையென்றும் அஞ்சிப் பூசாரியை நாடினோர் எத்தனை பேர்! 1964ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் வூர்ஹார்ஸ்ட் முதலானோர், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியே ஒவ்வாமைக்கு மூலமென எடுத்துக்காட்டினர். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் அது செழித்து வளரும். 60 பாகை வெப்பமுள்ள நீரில் துவைத்தால் மடியும். மந்திரம் செய்யாததை வெந்நீர் செய்கின்றது!

நிற்க. நம்மவர் படுக்கையின் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாகப் போக்கியவர் யார்? வண்ணாரன்றோ! அவருக்கு நாம் அளித்த கைம்மாறு யாது? 1932ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை இந்து நாளிதழ் திருநெல்வேலிப் புதிரை வண்ணாரைப் பற்றி எழுதியது. தாழ்த்தப்பட்டோரின் துணிகளை வெளுத்த அம்மக்கள், கண்ணிற் படுதலே தீட்டெனக் கருதப்பட்டமையால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வேலை செய்தனராம். தாழ்த்தப்பட்டோருக்கும் கீழே ஒரு சாதியை வைத்த கொடுமை இது. அழுக்காக்கியவன் தூயவன், அழுக்கைப் போக்கியவன் தீட்டு! இதனினும் தலைகீழான நியாயம் உலகில் உண்டோ?

ஆகவே நம் தலையணையை நாமே துவைப்போம். வண்ணாரின் தோளிலிருந்து இறக்கிய மூட்டையை மனைவியின் தலையில் ஏற்றுவது சீர்திருத்தமாகாது. ஆடவரும் மைந்தரும் கைந்நனைக்க வேண்டும். தன் தலை பட்ட அழுக்கைத் தன் கையால் கழுவக் கூசுபவன், சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் முழங்கிப் பயனில்லை.