கணக்கில் ஏறாத வெள்ளம்: செனகல் ஆறும் நீர்மின் கூட்டுறவின் எல்லையும்

பல நாடுகளுக்குப் பொதுவான ஆற்றில் அணை எழும்போது வரும் பூசலைத் தலைமடை நாட்டுக்கும் கடைமடை நாட்டுக்குமான வழக்காகப் பார்ப்பதே பெருவழக்கு. நீல நைல் அணைக்காக எத்தியோப்பியாவும் எகிப்தும் மல்லுக்கு நிற்பதைக் காணும்போது இந்தப் பார்வையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றும். நாடுகள் உட்கார்ந்து பேசி, செலவையும் மின்சாரத்தையும் பங்கிட்டு, கையெழுத்திட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அதன் உட்கிடை. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு ஏற்ற இடம். அங்கே நாடுகள் பேசின. வேறெங்கும் காண்பதற்கு அரிய அளவில் ஒத்தும் போயின. ஆனாலும் ஆற்று வெள்ளத்தை நம்பி வாழ்ந்த மக்களுக்கு நட்டமே மிஞ்சியது. நாடுகளுக்கிடையே ஒற்றுமை குறைந்ததால் வந்த நட்டம் இல்லை இது. ஒற்றுமையாக எழுதப்பட்ட கணக்கில் அவர்களுக்கென்று ஒரு தலைப்பே இல்லாமல் போனதால் வந்தது. நீர்மின்சாரம் நீடித்து நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அணையின் உரிமைப் பத்திரத்தைக் காட்டிலும், மதகு எந்த நாளில், யார் சொல்லி, எத்தனை நாளுக்குத் திறக்கிறது என்பதுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கினியின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தில் பிறக்கும் பாஃபிங், மாலியில் பாஃபுலாபே என்னும் ஊரில் பகோயியோடு கலந்த பிறகே செனகல் என்று பெயர் பெறுகிறது. பாகெல் ஊருக்கு மேலே ஃபலேமே வந்து சேர்கிறது. அங்கிருந்து செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் எல்லையாக ஓடி, செயின்ட் லூயி அருகே ஆறு கடலில் விழுகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். சாஹேல் பகுதியை வறட்சி வாட்டிய காலத்தில், 1972 மார்ச்சில், மாலி, மொரிட்டானியா, செனகல் ஆகிய மூன்றும் இதைப் பன்னாட்டு ஆறு என அறிவித்து ஓ.எம்.வி.எஸ். என்னும் ஆற்று மேம்பாட்டு அமைப்பை நிறுவின. 1978இல் அதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்று செய்தன. ஆற்றில் எழும் பெரும் கட்டுமானங்கள் எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் அவை எல்லோருக்கும் பிரிக்க முடியாத பொதுச்சொத்து என்று எழுதிக்கொண்டன. 1982இல் கட்டுமானக் கடனுக்கு ஒருவருக்கொருவர் பிணையும் நின்றன. கடலின் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கும் டியாமா தடுப்பணை 1986இல் முடிந்தது. பாஃபிங்கின் குறுக்கே, மாலி மண்ணில், 1,100 கோடி கனமீட்டருக்கு மேல் நீர் கொள்ளும் மானந்தாலி அணை 1988இல் முடிந்தது. தன் நாட்டுக்குள் நிற்கும் அணையில் அண்டை நாட்டுக்குச் சொத்துரிமை எழுதிக் கொடுப்பது சாதாரணப் பெருந்தன்மை இல்லை. தெற்காசிய ஆற்று ஒப்பந்தங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஏதோ கற்பனைபோலக்கூடத் தோன்றலாம்.

அந்த ஒற்றுமைக்குச் சோதனை உடனே வந்தது. 1989 ஏப்ரலில், பாகெலுக்கு அருகே, டியாவரா என்னும் ஊரையொட்டி மேய்ச்சல் தகராறில் மூண்ட சண்டை செனகல், மொரிட்டானியா ஆகிய இரு நாடுகளிலும் கலவரமாகப் பரவியது. மொரிட்டானியாவிலிருந்து கருப்பின மக்கள் பல்லாயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டார்கள். செனகலும் மொரிட்டானியாவும் 1992 வரை தூதரக உறவின்றி இருந்தன. அப்போதும் ஓ.எம்.வி.எஸ். கலையவில்லை. இதைக் கூட்டுறவின் வெற்றிக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம், அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கலவரத்துக்கான காரணங்களை ஆராய்ந்த தாமஸ் ஹோமர்-டிக்சன் போன்றோர் வேறொன்றையும் சுட்டிக்காட்டினார்கள். அணை வந்தால் பாசனம் வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆற்றோர நிலத்தின் மதிப்பு ஏறியது. நிலம் யாருடையது என்ற கேள்வி கூர்மையானது. அமைச்சர்கள் ஒன்றாக உட்கார்ந்த அதே ஆண்டுகளில், அணையின் பெயரால் கரையோர மக்கள் பிளவுண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பங்கீட்டுச் சூத்திரத்துக்கு வருவோம். பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்று மூன்று பயன்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. 3,75,000 ஹெக்டேர் பாசனம் பெறும் என்று திட்டமிட்டு, அதில் செனகலுக்கு 2,40,000, மொரிட்டானியாவுக்கு 1,26,000, மாலிக்கு வெறும் 9,000 என்று ஒதுக்கினார்கள். மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15. படகுப் போக்குவரத்தின் பயனில் பெரும்பங்கு கடற்கரை இல்லாத மாலிக்கு. இந்தப் பயன்களைக் கூட்டிப் பார்த்துச் செலவைப் பிரித்தபோது செனகல் 42.1, மாலி 35.3, மொரிட்டானியா 22.6 சதவீதம் என்று வந்தது. நீரைப் பங்கிடாமல் பயனைப் பங்கிடுவது என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். சூத்திரத்தின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அதன் தலைப்புகள் மூன்றோடு நின்றுபோனதுதான் குறை. அந்த மூன்றில் படகுப் போக்குவரத்து திட்டமிட்டபடி வரவே இல்லை. பாசனம் இலக்கின் ஒரு பகுதியோடு நின்றது. நாள்தோறும் பணமாக மாறுவது மின்சாரம் ஒன்றுதான். எனவே திறப்பு அட்டவணையை அதுவே தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

அந்தக் கணக்கில் ஏறாத பொருள் வெள்ளம். ஆற்றோரச் சமவெளியில் வெள்ளம் வடிந்த ஈரத்தில் செய்யும் சாகுபடிக்கு வாலோ என்றும், மேட்டில் மழையை நம்பிச் செய்வதற்கு ஜேரி என்றும் பெயர். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறு கரை தாண்டிப் பள்ளநிலக் களிமண்ணில் சில வாரம் நின்று ஊறுகிறது. நீர் வடிய வடிய, உழவர் குடும்பம் நீர்விளிம்பைப் பின்தொடர்ந்து இறங்கி, கோலால் ஈர மண்ணில் குழி குத்திச் சோளம் ஊன்றுகிறது. அதன்பின் மழையும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் தங்கிய ஈரம் ஒன்றே கதிர் முற்றும்வரை பயிரைத் தாங்க வேண்டும். வெள்ளம் குறுகிய நாளில் வடிந்துவிட்டால் மண் ஆழமாக ஊறாது. பிந்தி வந்தால் பயிர் குளிர்காலத்தில் அகப்பட்டுக்கொள்ளும். விதைத்த பிறகு மேலே மறுபடி மதகு திறந்தால் முளை அழுகும். அறுவடைக்குப் பின் தாளை மேய ஜேரியிலிருந்து மாடுகள் இறங்கும். மீன் குஞ்சு வளர்வதும், கரையோரக் கருவேலங்காடு நீர் குடிப்பதும், நிலத்தடி நீர் ஊறுவதும் அதே வெள்ளத்தால்தான். ஆக, மக்களுக்குத் தேவைப்பட்டது வெறும் கனமீட்டர் அளவில்லை, குறித்த நாட்களில் குறித்த உயரத்தில் நிற்கும் தண்ணீர். டர்பைனுக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிரானது: ஆண்டு முழுதும் ஏற்றத்தாழ்வில்லாத நீரோட்டம்.

திட்டம் வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பாசனம் பரவும்வரை சில ஆண்டுகள் அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடலாம், பிறகு நிறுத்திவிடலாம் என்று எண்ணினார்கள். வெள்ளம் ஒரு இடைக்காலச் சலுகை, அவ்வளவே. 1980களின் இறுதியில் மைக்கேல் ஹோரோவிட்ஸும் முனீரா சேலம்-முர்டாக்கும் சார்ந்த மானுடவியல் குழு பள்ளத்தாக்கில் தங்கி ஆய்ந்தபோது, செலவழித்த உழைப்புக்குக் கிடைக்கும் பலனில் வாலோ சாகுபடி பாசன நெல்லுக்கு இளைத்ததில்லை என்றும், செயற்கை வெள்ளத்தை நிரந்தரமாக்குவதே பொருளாதார அறிவு என்றும் வாதிட்டது. இதற்கிடையே டியாமா அணையும் மானந்தாலியும் சேர்ந்து ஆற்றின் கீழ்ப்பகுதியை உப்பில்லாத, அசையாத நீர்நிலையாக மாற்றின. நத்தைக்கு உகந்த அந்தத் தண்ணீரில், 1988இல், ரிச்சர்ட்-டோல் ஊரில் குடல் நத்தைக்காய்ச்சல் பரவத் தொடங்கி வேகமாகப் பெருகியது. நோய்க்கும் கணக்கில் தலைப்பு கிடையாது.

இது செனகல் ஆற்றுக்கு மட்டும் நேர்ந்த விபத்தா என்று கேட்கலாம். கனடாவும் அமெரிக்காவும் 1961இல் கையெழுத்திட்டு 1964இல் நடைமுறைப்படுத்திய கொலம்பியா ஆற்று ஒப்பந்தம் உலகில் மிகுதியும் மெச்சப்பட்ட ஒப்பந்தங்களுள் ஒன்று. கனடா மூன்று அணைகளில் நீரைத் தேக்கியது. கீழே கூடுதலாகக் கிடைத்த மின்பயனில் பாதி அதற்கு. வெள்ளத் தடுப்புக்காக அறுபதாண்டுக்கு 6.44 கோடி டாலர். கணக்கு சுத்தம். ஆனால் ஒப்பந்தம் அறிந்த தலைப்புகள் மின்சாரம், வெள்ளத் தடுப்பு இரண்டுதான். கனடியப் பள்ளத்தாக்குகளில் 2,000க்கும் மேற்பட்டோர் வீடு இழந்தார்கள். தேக்கத்தின் மட்டம் இறங்கும் இளவேனிலில் ஆரோ ஏரிக்கரையின் வண்டல் புழுதியாகப் பறக்கிறது. சால்மன் மீனும் பழங்குடி மக்களும் பேச்சுக்கு வந்தது 2024 ஜூலையில் எட்டப்பட்ட கொள்கையளவிலான உடன்பாட்டில்தான். மேகாங்கில் நிலைமை இன்னும் வெளிப்படை. லாவோஸில் உள்ள 1,285 மெகாவாட் சாயாபுரி அணையின் மின்சாரத்தில் 95 சதவீதத்தை வாங்குவது தாய்லாந்து. அந்தக் கொள்முதலை எதிர்த்து 2012இல் நிர்வாக நீதிமன்றம் போனவர்கள் தாய்லாந்தின் கரையோரக் கிராமத்தவர். 2022இல் இறுதியாகத் தோற்றார்கள். ஆதாயம் பெற்றவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே நாட்டுக் குடிமக்கள். டக்காருக்கு மானந்தாலி மின்சாரம் 2002இல் வந்துசேர்ந்தபோது செனகலிலும் இதேதான் நடந்தது: தலைநகர் பெற்றது, பள்ளத்தாக்கு இழந்தது. நாட்டு எல்லையில் கோடு கிழித்துக்கொண்டு தேடினால் இந்தப் பிளவு கண்ணில் படாது.

அப்படியானால் அது உள்நாட்டு விவகாரம், செனகல் அரசு தன் உழவரைத் தானே கவனித்துக்கொள்ளட்டும், இதில் பன்னாட்டு அமைப்புக்கு என்ன வேலை என்பது முதல் மறுப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மதகு மாலியில் இருக்கிறது. பாகெலுக்குக் கீழே வாலோ நிலம் வைத்திருப்பவருக்கு அவருடைய அரசு இழப்பீடு தரலாம், உரம் தரலாம். வெள்ளம் தர அதனால் முடியாது. அணையைப் பொதுச்சொத்தாக்கிய 1978 உடன்படிக்கையே அதன் விளைவுகளையும் பொதுப் பொறுப்பாக்கிவிட்டது என்பதுதான் சரியான வாசிப்பு. ஆதாயத்தில் கூட்டு, நட்டத்தில் தனித்தனி என்பது கூட்டுச்சொத்தின் இலக்கணத்துக்கே ஒவ்வாது.

இரண்டாவது மறுப்புக்கு எடை அதிகம். இருட்டில் கிடக்கும் நகரங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மின்சாரம் வேண்டும். மானந்தாலியின் 200 மெகாவாட் இல்லாவிட்டால் டீசல்தான் எரியும். டர்பைன் வழியே போகாமல் வெள்ளமாக ஓடும் ஒவ்வொரு கனமீட்டரும் இழந்த மின்சாரம். உண்மை. இழப்பே இல்லை என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர். ஆனால் இழப்பின் அளவு நிலையானதன்று. பாகெலில் ஓடும் நீரில் ஏறத்தாழப் பாதிதான் பாஃபிங் தருவது. பகோயியும் ஃபலேமேயும் இயல்பாகப் பெருகுபவை. அவ்விரண்டும் உச்சத்தில் இருக்கும் நாட்களைப் பார்த்து மானந்தாலியைத் திறந்தால், அணை தன் பங்குக்குக் கொஞ்சம் தந்தாலே வெள்ளம் கரை ஏறிவிடும். காலம் தவறித் திறந்தால் இருமடங்கு நீர் போயும் நிலம் நனையாது. மழை முன்கணிப்பு, நீரளவு நிலையங்களின் அன்றாடத் தகவல், நள்ளிரவில் அணைக்குப் போகும் ஒரு தொலைபேசி அழைப்பு: மின்சாரத்துக்கும் சோளத்துக்கும் இடையிலான சமரசம் கடைசியில் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. நாடுகளின் கூட்டுறவு மெய்யாகவே தேவைப்படும் இடமும் இதுவே.

வறண்ட ஆண்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்த ஆண்டு வெள்ளம் இல்லைதான். அணை இல்லாத காலத்திலும் அப்படித்தான். வறண்ட ஆண்டு என்று யார் அறிவிப்பது என்பதே உண்மையான கேள்வி. 2002 மே மாதம் கையெழுத்தான ஆற்று நீர்ச் சாசனம் இந்த வகையில் பெரிய முன்னேற்றம்: விதிவிலக்கான நிலைமை தவிர ஆண்டுதோறும் செயற்கை வெள்ளம் என்பதை அது ஏற்றது, தண்ணீருக்கான மனித உரிமையையும் எழுதியது. வெள்ளம் சலுகையிலிருந்து கடமையாக மாறியது. ஆனால் விதிவிலக்கு எது என்று சொல்லும் இடத்தில் அமர்வது ஓ.எம்.வி.எஸ். அமைப்பின் நிரந்தர நீர் ஆணையமும் அமைச்சர் குழுவும். உழவர், மீனவர், மேய்ப்பர் தரப்பு பார்வையாளராக அழைக்கப்படலாம், வாக்கு கிடையாது.

ஆற்றின் மேற்பகுதி நாடான கினி 2006இல்தான் அமைப்பில் சேர்ந்தது. இப்போது அங்கே, மானந்தாலிக்கும் மேலே, அதே பாஃபிங்கில், 294 மெகாவாட் கூக்கூட்டாம்பா அணை திட்டமிடப்பட்டிருக்கிறது. சிம்பன்சிகள் வாழும் காட்டை அது மூழ்கடிக்கும் என்ற எதிர்ப்பு உலகறிந்தது. வாலோ நிலத்துக்கு அது என்ன செய்யும் என்ற கேள்வி அவ்வளவு உரக்க ஒலிக்கவில்லை. அந்த அணையின் செலவுப் பங்கீட்டை எழுத உட்காரும் நான்கு நாடுகளும், மெகாவாட்டுக்குப் பக்கத்தில் வெள்ளம் என்று நான்காவது தலைப்பு ஒன்றைப் போடட்டும். திறப்பு நாளை முடிவுசெய்யும் ஆணையத்தில் பாகெலுக்குக் கீழேயுள்ள ஊர்களுக்கு வாக்குள்ள இருக்கை கொடுக்கட்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு அந்தத் தலைப்பைச் சேர்க்க மானந்தாலிக்குப் பதினான்கு ஆண்டு ஆயிற்று.