பெயரைக் கேட்டதும் வரும் தீர்ப்பு

மதவெறுப்பை வெளிப்படையாகப் பேசுகிறவரை அடையாளம் காண்பது எளிது. ‘எனக்கு எந்த மதத்தின் மீதும் வெறுப்பில்லை’ என்று உளமார நம்புகிறவரின் முடிவுகளிலும் மதம் புகுந்துவிடுவதைக் கண்டுகொள்வதுதான் கடினம். ஒரு பெயர், ஒரு தொப்பி, ஒரு திருநீற்றுக் கீற்று, ஒரு சிலுவை கண்ணில் பட்டதுமே, யோசிக்கும் முன்பே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. உளவியலில் இதை ஆழ்மனச் சாய்வு என்கிறார்கள்.

இதை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் 1998இல் ஒரு கணினிச் சோதனையை வெளியிட்டனர். ஒரு பிரிவினரின் பெயர்களை நல்ல சொற்களோடும் கெட்ட சொற்களோடும் மாறி மாறி இணைக்கும்போது, எதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்று அது கணக்கிடும். ஒரே நபருக்கே முடிவு மாறி மாறி வருவதுண்டு என்பதால், தனிமனிதர் மீது முத்திரை குத்த அது உதவாது. சாய்வு சமூகத்தில் என்ன செய்கிறது என்பதைக் கள ஆய்வுகளே தெளிவாகக் காட்டுகின்றன.

வேலை விண்ணப்பத்தில்

பிரான்சில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், செனகல் வம்சாவளிப் பெண்கள் இருவரின் பெயரில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே; தகுதியும் சமம். ஒருவர் மரீ, மற்றவர் கதீஜா. கிறிஸ்தவர் என்று தெரிந்த மரீக்கு, கதீஜாவைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அழைப்புகள் வந்தன.

நம் நாட்டில் சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதே வகையானது. தனியார் வேலைகளுக்கு விண்ணப்பித்தபோது, முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு.

நம் பக்கம்

பாதிக்கப்படும் சமுதாயம் என்பதால் நமக்கு இந்தச் சாய்வு இல்லை என்றாகிவிடாது. 13 நாடுகளில் 3,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு கொடூரக் கொலைகாரனைப் பற்றிய குறிப்பு தரப்பட்டது. அவனை இறைநம்பிக்கையாளன் என்று ஊகித்தவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கினர் நாத்திகன் என்று ஊகித்தனர். நாத்திகர்களிடமே இந்தச் சாய்வு காணப்பட்டது!

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியாக, தஃப்ஸீர் நூல்களில் பரவலாகக் கூறப்படும் ஓர் அறிவிப்பு உண்டு. மதீனாவில் ஒரு கவசம் திருடுபோனது. திருடியவன் முஸ்லிம்களில் ஒருவனாக அறியப்பட்ட துஃமா. பழியோ ஒரு யூதர் மீது விழுந்தது. துஃமாவின் கோத்திரத்தார் தங்கள் ஆளுக்காக நபி (ஸல்) அவர்களிடம் வாதாட வந்தனர். மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று வஹீ இறங்கி, அந்த யூதர் குற்றமற்றவர் என்பது உறுதியானது. ‘நம்மவன் செய்திருக்க மாட்டான்’ என்ற எண்ணத்தைக் குர்ஆன் அங்கேயே வெட்டிவிட்டது.

என்ன செய்யலாம்?

மனதில் தானாக எழும் எண்ணத்தை அடியோடு தடுப்பது கடினம். அதன்படி செயல்படாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

• வேலைக்கு ஆள் எடுப்பவர், முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுத் தகுதியை மட்டும் பார்க்கலாம்.

• வீடு வாடகைக்கு விடுபவர், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம்.

• வாட்ஸ்அப்பில் ஒரு குற்றச் செய்தி வந்தால், பெயரை மாற்றி வாசித்துப் பாருங்கள். அப்போதும் அதே கோபம் வருகிறதா? அதன்பின் பகிர்வதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஊகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. பிறர் நம்மை ஊகத்தால் எடைபோடும்போது நமக்கு வலிக்கிறது. நாம் பிறரை எடைபோடும்போதும் அந்த வலி நினைவில் நிற்க அல்லாஹ் அருள் புரிவானாக.