ஊராட்சித் தேர்தலும் பொறுப்புடைமையும்: மலேசிய வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியக் குடிமகன் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கிறான். ஆனால், அவன் வீட்டுக் குப்பையை அள்ளுவது, அங்காடிக் கடைக்கு உரிமம் வழங்குவது, கோயில் நிலத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது ஆகியவற்றைச் செய்யும் ஊராட்சி மன்றத்திற்கு அவன் வாக்களிப்பதில்லை. இந்நிலை தொடக்கம் முதல் இருந்ததன்று. ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மறைந்தது, அதனை மீட்க எழுந்த மக்கள் முயற்சிகள் எந்த அளவுக்குப் பயன் தந்தன என்பவற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

ஜார்ஜ்டவுனில் 1857-ஆம் ஆண்டிலேயே நகராட்சி ஆணையர்களுக்கான தேர்தல் நடைபெற்றது. வரி செலுத்துவோருள் மிகச் சிலருக்கே அதில் வாக்குரிமை இருந்தது. 1913-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அந்தச் சிறு உரிமையையும் நீக்கியது. போருக்குப் பின்னர், 1950-ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டம் மீண்டும் வழி திறந்தது. 1951 டிசம்பர் முதல் நாள் ஜார்ஜ்டவுனில் தேர்தல் நடைபெற்றது. ஒன்பது இடங்களுள் ஆறினைத் தீவிரக் கட்சி கைப்பற்றியது.

1952 பிப்ரவரியில் நடைபெற்ற கோலாலம்பூர்த் தேர்தல் நாட்டின் அரசியலையே திசைதிருப்பியது எனலாம். அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் அங்கு உடன்பாடு செய்துகொண்டு பன்னிரண்டு இடங்களுள் ஒன்பதை வென்றன. ம.இ.கா. அவ்வேளையில் ஓன் ஜாபாரின் மலாயாச் சுதந்திரக் கட்சியை ஆதரித்து நின்றது. பின்னர் நாட்டை ஆண்ட கூட்டணிக்கு வித்திட்டது இந்த நகராட்சித் தேர்தலே. ஊராட்சித் தேர்தல் இனங்களைப் பிரிக்கும் என்று இன்று கூறுவோர், இனங்களிடையே முதல் தேர்தல் உடன்பாடு எங்குப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஜார்ஜ்டவுன் மாநகரின் பட்டறிவு

1957-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர்த் தகுதி பெற்றது. 1950களின் இறுதியில் அதன் மன்றம் தொழிற்கட்சியினர் வசமிருந்தது. அக்கட்சியைச் சேர்ந்த ஆசிரியர் டி.எஸ். இராமநாதன் மேயராக வீற்றிருந்தார். சீனர் பெரும்பான்மையராக வாழ்ந்த மாநகரில் தமிழர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றது குறிப்பிடத்தக்கது. மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகியவற்றை மன்றமே நடத்தியது. எனவே, அங்காடி வணிகர், கூலித் தொழிலாளர், வாடகைக் குடியிருப்பாளர் ஆகியோரின் அன்றாடச் சிக்கல்கள் வாக்குப் பெட்டியோடு நேரடியாகத் தொடர்புற்றிருந்தன. உட்கட்சிப் பூசல்களும் இல்லாமல் இல்லை. ஆயினும், குறைகண்ட வாக்காளன் அடுத்த தேர்தலில் தீர்ப்பளிக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தான்.

நிறுத்தமும் ஒழிப்பும்

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடைபெறும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதியளித்தார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிவுக்கு வந்தது, தேர்தல் வரவில்லை. அதற்கு முந்திய மாதமே ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதல்வரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன.

சில மன்றங்களின்மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்த நிலையில், மேலவை உறுப்பினர் அத்தி நாகப்பன் தலைமையில் 1965-இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968 டிசம்பரில் அது அறிக்கையை வழங்கியது. குறைகளை ஆராய்வதற்கென்று அமைக்கப்பட்ட ஆணையமே, அக்குறைகளுக்குத் தீர்வு தேர்தலை ஒழிப்பதன்று என்ற முடிவுக்கு வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையே பரிந்துரைத்தது. நிருவாகத் திறமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள அது மறுத்தது. 1971-இல் அறிக்கை வெளியானபோது, மூன்றாம் அடுக்கிலும் தேர்தல் நடத்துவது மிகையான ஜனநாயகமும் மிகையான ஆட்சியும் ஆகும் என்று கூறி அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்க மறுத்தது.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இதனை நிலைப்படுத்தியது. அதன் 15-ஆம் பிரிவு தேர்தலுக்கான சட்ட விதிகளைச் செயலிழக்கச் செய்தது. 10-ஆம் பிரிவின்படி, மேயர் அல்லது தலைவருடன் எட்டு முதல் இருபத்து நான்கு வரையிலான உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படாது. மறுநியமனம் நியமித்தவரின் கையில் இருப்பதால், உறுப்பினரின் பார்வை வட்டார மக்களைவிடக் கட்சித் தலைமையை நோக்கித் திரும்புவது இயல்பே.

பொறுப்புக் கூறுபவர் யார்?

இதன் விளைவை இரு நிகழ்வுகள் உணர்த்தும். 2006-இல் கிள்ளானில் நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவரே வரைபட அனுமதி பெறாமல் மாளிகை எழுப்பியது நாடெங்கும் பேசப்பட்டது. 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலம், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் ஷா ஆலம் மாநகர் மன்றத்தால் இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே கோலாலம்பூரில் பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டனர். அவ்வெழுச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், ஆலயத்தை இழந்தோர் அம்மன்றத்தை வாக்கால் கேள்வி கேட்க வழியற்றிருந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை. தோட்டப்புறங்களிலிருந்து நகர்ப்புற விளிம்புகளுக்குக் குடிபெயர்ந்த தமிழர்களுக்கு ஊராட்சி மன்றமே அரசாங்கத்தின் அண்மை முகமாக விளங்குகிறது. ஆகவே, இது சமூகத்தின் உடனடி நலன் சார்ந்த சிக்கலாகும்.

மீட்பு முயற்சிகள்

குடியிருப்பாளர் சங்கங்களும் பொது இயக்கங்களும் தொடர்ந்து எழுப்பிவந்த இக்கோரிக்கை, 2008-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் வலுப்பெற்றது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் அரசு சாரா இயக்கத்தினருக்கு மன்றங்களில் சில இடங்கள் வழங்கப்பட்டன. இது பயனுள்ள மாற்றமே. ஆயினும், நியமனம் நியமனமாகவே நீடித்தது. பினாங்கு சட்டமன்றம் 2012-இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், மாநிலம் இவ்வாறு தேர்தலை மீட்க இயலாது என்று தீர்ப்பளித்தது. எனவே, திறவுகோல் நாடாளுமன்றத்திடமே உள்ளது. 2018-இல் ஆட்சி மாறியபின், வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் மூன்றாண்டுகளுக்குள் தேர்தல் நடத்தும் எண்ணத்தை வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர், இனப் பூசலை உண்டாக்கும் என்று கூறி அதனை நிராகரித்தார்.

முடிவுரை

அறுபது ஆண்டுகளில் மோதல், முறைகேடு, மிகையான ஜனநாயகம், இனப் பூசல் எனக் காரணங்கள் மாறிவந்துள்ளன, முடிவு மாறவில்லை. நகரங்களில் ஓர் இனத்தின் எண்ணிக்கை மிகும்போது பிற இனத்தவர் அஞ்சுவதைப் புறக்கணித்துவிட முடியாது. ஆனால், தொகுதி எல்லையும் பிரதிநிதித்துவ முறையும் வகுப்பதன்வழி அவ்வச்சத்தைக் களைய முயலலாம். அதற்குத் தேர்தலையே ஒழிக்க வேண்டியதில்லை.

அதுவரை இருக்கும் உரிமைகளையேனும் பயன்படுத்துதல் வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக்குகிறது. அதே ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், வட்டாரத் திட்ட வரைவுகளுக்கு மறுப்புத் தெரிவிக்க இடமளிக்கிறது. கோயில் நிருவாகங்களும் பள்ளி வாரியங்களும் இடிப்பு அறிவிப்பு வந்தபின் ஓடுவதைவிட, திட்ட வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போதே தம் நிலத்தின் வகைப்பாட்டைச் சரிபார்ப்பது பயன்தரும். வரலாறும் குடியியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், இராமநாதனையும் அத்தி நாகப்பனையும் சமூகப் பெருமையாக மட்டும் அறிமுகப்படுத்தாமல், அவர்கள் தொடர்புற்றிருந்த கேள்வியோடு சேர்த்தே அறிமுகப்படுத்துதல் நலம். அக்கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.